கீழிருந்து கூட்டுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பரிணாமப் பாடத்தில் இங்கிலாந்து அந்துப்பூச்சியைப் பற்றி வருகிறது. அந்தப் படங்கள் செத்த பூச்சிகளை மரத்தில் வைத்து எடுத்தவை, ஆய்வே மோசடி என்று ஒரு காணொளியில் பார்த்தேன். பரிணாமம் வெறும் கோட்பாடுதானே? கடவுள் நம்பிக்கையோடு இது ஒத்துப்போகுமா? மகளிடம் என்ன சொல்வது?

எஸ்., விருதுநகர்

அன்புள்ள எஸ்.,

கடவுளை விட்டுவிடுங்கள், அவர் இந்த வழக்கில் கட்சிக்காரர் அல்ல. ‘வெறும் கோட்பாடு’ என்கிறீர்கள். கிருமியால் நோய் வருகிறது என்பதும் கோட்பாடுதான். அதற்காக நீங்கள் கை கழுவாமல் சாப்பிடுவதில்லையே.

ஆனால் அந்துப்பூச்சியை அப்படித் தள்ள முடியவில்லை. சில நாட்களாக அதுவே என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

வழக்கமாக வெளிறிய நிறம் கொண்ட இந்த இனத்தில், ஆலை நகரமான மான்செஸ்டரில் 1848இல் கறுப்பு அந்துப்பூச்சி ஒன்று பதிவானது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் அங்கே வெளிறிய பூச்சி அரிதாகிவிட்டது. ஆலைப் புகை படிந்து கறுத்த மரங்களில் வெளிறியது பறவையின் கண்ணில் படும், கறுப்பு தப்பிக்கும் என்று 1896லேயே டட் என்பவர் சொன்னார். சோதித்துப் பார்த்தவர் பூச்சி ஆய்வாளர் பெர்னார்ட் கெட்டில்வெல். 1953இல் பர்மிங்ஹாம் அருகே, புகை படிந்த காட்டில் பூச்சிகளுக்கு அடையாளமிட்டு விட்டார். பறவைகளுக்குத் தப்பித் திரும்பப் பிடிபட்டவை கறுப்பில் 27.5 சதவீதம், வெளிறியதில் 13 சதவீதம். 1955இல் தெற்கு இங்கிலாந்தில், டார்செட்டின் புகை படியாத காட்டில் கணக்கு தலைகீழானது: கறுப்பு 6.3, வெளிறியது 12.5.

படங்களில் சில அமைத்து எடுக்கப்பட்டவைதான். ஆனால் முடிவு படத்திலிருந்தா வந்தது? நான் மேலே எழுதிய எண்களிலிருந்து வந்தது. காணொளியை முழுவதும் பார்த்தீர்களா, தலைப்போடு நின்றுவிட்டீர்களா? படித்த மனிதர், இதைக்கூடவா கேட்கத் தோன்றவில்லை?

கெட்டில்வெல்லின் உண்மையான குறை வேறு. பூச்சிகளைப் பகலில், தன் கையாலேயே அடிமரத்தில் உட்காரவைத்தார். இயல்பில் அவை பெரும்பாலும் கிளைகளில்தான் தங்கும். இதையெல்லாம் 1998இல் நூலாக எழுதி வெளிப்படையாக வைத்தவர் பரிணாமத்தின் எதிரி அல்ல, கேம்பிரிட்ஜின் மரபியலாளர் மைக்கேல் மஜேரஸ். ‘பாருங்கள், அவர்களே ஒப்புக்கொண்டார்கள்’ என்று அந்தப் பக்கங்களை மட்டும் கிழித்துக்கொண்டு ஓடியவர்கள் பலர்.

என் அப்பா ஒரு மண்டியில் கணக்குப்பிள்ளை. பகலில் மேலிருந்து கூட்டிய தொகையை, கடை சாத்தியபின் கீழிருந்து மேலாக மறுபடி கூட்டுவார். ஒருநாள் தொண்ணூறு ரூபாய் இடித்தது. தவறு தன்னுடையது என்று கண்டதும், முதலாளியிடம் தானே போய்ச் சொன்னார். “இத்தனை வருஷமும் இப்படித்தானா?” என்று கேட்டார் முதலாளி. அப்பா அன்றிரவு சாப்பிடவில்லை. மறுநாளும் கீழிருந்து கூட்டினார்.

மஜேரஸும் கூட்டினார். தன் வீட்டுத் தோட்டத்தில், ஆறு ஆண்டுகள். இரவில் வலைக்குள் பூச்சிகளை விட்டு, அவையே இடம் தேடி உட்காரும்படி பார்த்துக்கொண்டார். விடியும் முன் வலையை அகற்றுவார். நான்கு மணி நேரம் கழித்து எது காணவில்லை என்று போய்ப் பார்ப்பார். பறவைகள் கொத்துவதை வீட்டுக்குள்ளிருந்து தொலைநோக்கியில் கவனித்தார். மொத்தம் 4,864 பூச்சிகள். காற்று தூய்மையாகிவிட்ட அந்தக் காலத்தில், வெளிறியதைவிடக் கறுப்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 9 சதவீதம் குறைவாகப் பிழைத்தது. பழைய முடிவே வேறு வழியில் வந்து நின்றது. கட்டுரையாக எழுதி முடிக்குமுன் 2009இல் இறந்துபோனார், வயது 54. சகாக்கள் நால்வர் 2012இல் அதை வெளியிட்டார்கள்.

உங்கள் மகள் கேள்வி கேட்கிறாள் என்றால் நல்ல பிள்ளை, என் அன்பைச் சொல்லுங்கள். படங்கள் அமைத்தவை என்று தேர்வில் தாராளமாக எழுதட்டும். கூடவே 4,864 என்ற எண்ணையும் எழுதட்டும். விடைத்தாள் திருத்துகிறவர் கொஞ்சம் விழித்தால் விழிக்கட்டும்.