காதுக்குள் 'கொய்ங்': டின்னிட்டஸ் பற்றிக் கேட்டவையும் என் பதில்களும்

வெளியே சத்தமே இல்லாமல் காதுக்குள் இரைச்சல் கேட்பதுதான் டின்னிட்டஸ். இருபது வருடமாக இந்தக் காதிரைச்சல் ஆய்வில் இருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். வரிசையை மீறி முதலில் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

டாக்டர், நேற்றுக் காலை எழுந்ததிலிருந்து வலது காது சுத்தமாகக் கேட்கவில்லை, இரைச்சல் வேறு. அடைப்புதானே, இரண்டு நாள் பார்க்கலாமா?

வேண்டாம். வெறும் அழுக்கடைப்பாக இருந்தால் நல்லதுதான். ஆனால் அதை உறுதிசெய்ய வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவர். திடீர் நரம்புச் செவிடாக இருந்தால் ஸ்டீராய்டு சிகிச்சையைச் சீக்கிரம் தொடங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் கைவிட்டுப் போனால் பலன் குறைந்துகொண்டே போகும். மீதியை அப்புறம் படிக்கலாம், இன்றே கிளம்புங்கள்.

ராத்திரி படுத்தால் சில்வண்டு கத்துகிற மாதிரி ஒரே சத்தம். பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கவில்லை. இது எங்கிருந்துதான் வருகிறது?

பெரும்பாலும் காதில் தொடங்கி மூளையில் வளர்கிற சமாச்சாரம் இது. உட்காதில் நத்தைக்கூடு மாதிரி சுருண்டிருக்கும் காக்ளியாவில், ஒலியை நரம்புத் தகவலாக மாற்றும் மயிர்ச்செல்கள் சுமார் 15,000 இருக்கின்றன. பலத்த சத்தம், வயது, சில மருந்துகள் என்று ஏதோ ஒன்றால் அதில் ஒரு பகுதி பழுதானால், அந்தச் சுருதிக்கான தகவல் மூளைக்குப் போவது குறைகிறது. மூளை சும்மா இருக்காமல் காதைத் தீட்டிக்கொள்கிறது. நரம்புகளில் எப்போதும் இருக்கும் தன்னிச்சையான துடிப்பு அப்போது பெருகி, சத்தமாகத் தோன்றுகிறது. செவிநரம்பையே வெட்டிய பிறகும் பலருக்கு இரைச்சல் நிற்கவில்லை என்பது இதற்கு ஒரு சான்று.

ராத்திரியில் கூடுவதாகத் தோன்றுவது அமைதியால். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் நன்றாகக் காது கேட்கும் 80 பேரை ஒலி புகாத அறையில் சில நிமிடங்கள் உட்காரவைத்தார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். மின்விசிறி மாதிரி மெல்லிய பின்னணி ஒலி ஒன்று ஓடட்டும்.

எனக்கு இரைச்சலோடு நாடித்துடிப்பும் சேர்ந்து அடிக்கிறது.

துடிப்போடு ஒத்துப்போகும் இரைச்சல் வேறு ரகம். ரத்தக்குழாய் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம். ஸ்கேன் தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆடியோகிராம், அதுதான் காது கேட்கும் திறனைச் சோதிப்பார்களே, அது 'நார்மல்' என்றார்கள். அப்படியானால் எல்லாம் என் கற்பனையா?

இல்லை. 'ஒன்றுமில்லை' என்று சொல்லி அனுப்புவது எனக்கு அறவே பிடிக்காத பழக்கம். அந்தப் பரிசோதனை வழக்கமாக 8,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். போதாததற்கு, 2009இல் குஜாவா, லிபர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் எலிகளில் காட்டியது இது: பலத்த சத்தத்துக்குப் பிறகு கேட்கும் திறன் பழையபடி திரும்பிவிடுகிறது, ஆனால் மயிர்ச்செல்லும் நரம்பும் சந்திக்கும் இணைப்புகள் கணிசமாக அழிந்திருக்கின்றன. மனிதரிடம் இது எந்த அளவுக்கு நடக்கிறது என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

வெளியே கேட்காத சத்தத்தை எப்படி அளக்கிறீர்கள்?

ஹெட்ஃபோனில் ஒவ்வொரு சுருதியாகப் போட்டுக்காட்டி, எது ஒத்துப்போகிறது என்று கேட்போம். ஒருவர் 'விமானம் கிளம்புகிற சத்தம் சார்' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். 6,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் 'இதேதான்!' என்று கையைத் தூக்கினார். ஒலியளவைப் பொருத்திப் பார்த்தால், அந்தச் சுருதியில் அவருக்குக் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியைவிட வெறும் 5 டெசிபல்தான் கூடுதல். கோபம் வந்துவிட்டது, மறுபடி அளக்கச் சொன்னார். 6 வந்தது.

அவர் மிகைப்படுத்தவில்லை. பெரும்பாலோருக்கு இப்படித்தான், 10 டெசிபலைத் தாண்டாது. படுகிற பாடு ஒலியளவைப் பொறுத்ததாகவே இல்லை. மூளை அதை ஆபத்தென்று எடுத்துக்கொண்டு விடாமல் கவனிப்பதைப் பொறுத்தது.

எலி வாய் திறந்து சொல்லாதே, அதற்கு இரைச்சல் என்று எப்படித் தெரியும்?

நல்ல கேள்வி, எங்களுக்குள்ளேயே சண்டை நடக்கும் இடம். தொடர்ந்து ஓடும் ஒலியில் ஒரு நொடிப்பொழுது இடைவெளி விட்டு, உடனே பெரிய சத்தம் போடுவோம். சாதாரண எலி இடைவெளியைக் கவனித்து உஷாராகிவிடும், அதனால் குறைவாகத் துள்ளும். இரைச்சல் உள்ள எலிக்கு அந்த இடைவெளி நிரம்பிவிடும், அதனால் நன்றாகத் துள்ளும் என்பது கணக்கு. காது மந்தமான எலியும் அப்படியே துள்ளலாமே என்று மறுப்பவர்களும் உண்டு. நானும் கொஞ்சம் அந்தக் கட்சிதான்.

ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை வாங்கலாமா?

பலன் இருப்பதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை. காசு மிச்சம்.

அப்படியானால் எதுதான் வேலை செய்யும்?

இரைச்சலை அடியோடு நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. காது மந்தமும் சேர்ந்திருந்தால் காதுக்கருவி பலருக்கு நிம்மதி தருகிறது. இரைச்சல் தரும் மனவேதனையைக் குறைப்பதில் அதிக ஆதாரம், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் சிபிடி எனும் மனச்சிகிச்சைக்கு. 'அப்போ மனநோயா?' என்று முகம் சுளிக்காதீர்கள், மேலே சொன்ன 5 டெசிபல்காரருக்கும் கைகொடுத்தது அதுதான். காதில் ஒலியும் நாக்கில் மெல்லிய மின்தூண்டலும் தரும் லெனைர் கருவிக்கு அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2023இல் அனுமதி தந்தது. சிலருக்குக் குறைகிறது, ஸ்விட்ச் போட்டமாதிரி அணையாது.

செத்த மயிர்ச்செல் திரும்ப முளைக்குமா?

கோழிக்கு முளைக்கிறது, 1980களிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். மனிதக் காக்ளியாவுக்கு அந்த வித்தை மறந்துபோயிருக்கிறது. அதை நினைவுபடுத்த முடியுமா என்றுதான் பல ஆய்வகங்களில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.