குழந்தையின் தமிழ்ச் சொல்வளத்தை வாசிப்பால் வளர்ப்பது எப்படி?

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள், பல சொற்களுக்குப் பொருள் தெரியாமல் கதைப் புத்தகத்தைப் பாதியிலேயே மூடிவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகளும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தாள்.

குறை குழந்தையிடம் இல்லை. வீட்டில் நாம் 'சாப்பிடு', 'தூங்கு', 'உட்கார்' என்கிறோம். புத்தகத்தில் உண்கிறார்கள், உறங்குகிறார்கள், அமர்கிறார்கள். காது ஒருமுறைகூடக் கேட்டிராத தமிழைக் கண் மட்டும் எப்படிப் பிடித்துக்கொள்ளும்? அதனால், தானே எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த பிறகும் தினம் கால் மணி நேரம் நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அச்சில் உள்ளபடியே படியுங்கள். எளிமையாக இருக்கட்டும் என்று நான் பேச்சுத் தமிழுக்கு மாற்றி மாற்றிச் சொல்லி ஓராண்டை வீணாக்கினேன். கதை அவளுக்குப் போய்ச் சேர்ந்தது, சொற்கள் சேரவில்லை.

ஒவ்வொரு சொல்லிலும் நிறுத்தி "இதற்கு என்ன பொருள்?" என்று கேட்காதீர்கள். கதை அறுந்துபோகும், குழந்தைக்கு அது பரீட்சையாகிவிடும். ஒரு சொல் வெவ்வேறு இடங்களில் பலமுறை எதிர்ப்பட்டால்தான் மனத்தில் தங்குகிறது. கதை புரியாமல் போகும் இடத்தில் மட்டும் ஒரு வரியில் சொல்லிவிட்டு நகருங்கள். பக்கத்துக்கு இரண்டு மூன்று புதிய சொற்கள் உள்ள புத்தகம் போதும். நூலகத்துக்கு அழைத்துப்போய் அவளையே எடுக்கவிடுங்கள்.

இன்னொன்று, படித்த சொல்லை ஊரில் தேடுங்கள். நாங்கள் இருப்பது சேலத்தில்; என் அப்பா வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்தவர். ஒரு கதையில் 'பொடி வைத்துப் பேசினான்' என்று வந்தபோது மகள் விழித்தாள். மறுநாள் தாத்தா அவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். வளையத்தின் இரு முனைகளையும் சேர்த்து, பொடி வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதிப் பற்றவைத்துக் காட்டினார். "பொடி வைத்த இடம் தெரிகிறதா, கண்ணு? பேச்சிலும் இப்படித்தான் மறைத்து வைப்பார்கள்" என்றார். அதை எந்த அகராதியும் அவளுக்கு அப்படி விளக்கியிருக்காது.

'படர்தல்' ஏற்காட்டில் கிடைத்தது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் பலகை பார்த்து எண்ணிக்கொண்டே பஸ்ஸில் ஏறினோம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்திருந்த சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி உச்சிவரை ஏறியிருந்தது. "படர்ந்திருக்கிறது, பார்" என்று மட்டும் சொன்னேன். வேரூன்றிய இடம் ஒன்று, பரவிய இடம் எவ்வளவு என்று அவளே கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக்கொண்டாள்.

சில வாரங்கள் கழித்து இரவு வாசிப்பில் 'அவன் முகத்தில் சோகம் படர்ந்தது' என்றொரு வரி வந்தது.

"மிளகுக் கொடி மாதிரியா, அம்மா?" என்றாள்.

ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரியைப் படித்தேன்.