பூங்கா கைமாறினால் சவாரிகளும் கட்டணமும் ஏன் மாறுகின்றன?

வவுனியாவிலிருந்து இக்கேள்வியை எழுப்பியவர், அமெரிக்காவிலுள்ள தம் உறவினரின் ஊர்க் கேளிக்கைப் பூங்கா விற்கப்பட்டால் அங்குள்ள சவாரிகளுக்கும் கட்டணத்துக்கும் என்ன நேரும் என்று அறிய விரும்புகிறார். கட்டணத்தைப் பொறுத்தவரை, வாயிற் சீட்டின் விலையை மட்டும் பார்த்து முடிவுக்கு வரக்கூடாது. அதைக் குறைத்துவிட்டு, வாகனத் தரிப்பிடம், உணவு, வரிசையை முந்தும் சிறப்புச் சீட்டு ஆகியவற்றில் புதிய உரிமையாளர் அதனை ஈடுசெய்துகொள்ள முடியும்.

சவாரிகளுக்கு ஒஹாயோ மாநிலத்தின் ஜியாகா லேக் பூங்காவே தெளிவான சான்று. சிக்ஸ் ஃபிளாக்ஸ் நிறுவனத்திடம் இருந்தபோது பெரிய ரோலர் கோஸ்டர்களைப் பெற்ற அப்பூங்காவை, அதே மாநிலத்தில் சீடர் பாயின்ட் பூங்காவை நடத்திவந்த சீடர் ஃபேர் 2004இல் ஏறத்தாழ 14.5 கோடி டொலருக்கு வாங்கியது. கதாபாத்திரப் பெயர்களைப் பயன்படுத்தும் உரிமம் விற்றவரிடமே தங்கியதால், 'பேட்மேன்' பெயர் தாங்கிய சவாரி உடனே 'டொமினேட்டர்' ஆயிற்று. 2007ஆம் ஆண்டுப் பருவத்துடன் சவாரிப் பகுதி மூடப்பட, நம்மூர்த் திருவிழா முடிந்ததும் கழற்றி ஏற்றப்படும் இராட்டினம்போல டொமினேட்டர் வெர்ஜீனியா மாநிலத்திலுள்ள கிங்ஸ் டொமினியன் பூங்காவுக்குச் சென்று, 2008இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. ஆகவே, வாங்கும் நிறுவனத்துக்கு அருகிலேயே வேறொரு பெரிய பூங்கா உண்டா என்பதைத்தான் உங்கள் உறவினர் முதலில் விசாரிக்க வேண்டும். என் கணிப்பில், கட்டண உயர்வைவிட, அப்படியொரு பூங்கா இருப்பதால் வாங்கிய பூங்கா மூடப்படக்கூடும் என்பதே கவலைக்குரியது.