வழக்கில் விடுதலையான நான் போலீஸ் வேலைக்குப் போகலாமா?

கேள்வி: என் வயது 24. சொந்த ஊர் கோவில்பட்டி பக்கம் ஒரு கிராமம். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்து, கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் மாதம் 17,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். சிறு வயதிலிருந்தே காக்கிச் சட்டை மீது ஆசை. எஸ்.ஐ. தேர்வுக்குத் தனியாகப் படித்து வருகிறேன். ‘முதலில் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்துவிடு, உள்ளே போனபின் எஸ்.ஐ. ஆகிக்கொள்ளலாம்’ என்கிறார் மாமா. ‘சத்தம் போட்டுக்கூடப் பேசத் தெரியாத உனக்கு அந்த வேலை சரிப்படாது’ என்கிறார் அம்மா. கல்லூரியில் படித்தபோது ஊர்க் கோயில் கொடை விழாவில் நடந்த தகராறில் என் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டது. பிறகு இரு தரப்பும் சமாதானமாகி, சாட்சிகள் மாற்றிச் சொன்னதால் நீதிமன்றம் அனைவரையும் விடுதலை செய்தது. நான் என்ன முடிவெடுக்கலாம்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் கடைசியாக எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் எடுத்துக்கொள்கிறேன். மாமா சொல்வதையும் அம்மா சொல்வதையும் பிறகு பார்க்கலாம். அந்த வழக்கு எப்படி முடிந்தது என்பது தெரியாமல் வேறு எதைப் பேசியும் பயன் இல்லை.

‘விடுதலை ஆகிவிட்டது, இனி என்ன’ என்று நினைத்து, எழுத்துத் தேர்வு, உடல் தகுதி எல்லாம் தாண்டியபின் காவல் விசாரணையில் நின்றுபோன பிள்ளைகள் உண்டு. அவர்களுடைய பெற்றோர் வந்து கேட்கும்போது பதில் சொல்ல வாய் வராது. தமிழ்நாட்டில் காவல் சார்நிலைப் பணி விதிகள் இந்த விஷயத்தில் மிகக் கறாரானவை. நியமனத்துக்கு முன் நடக்கும் விசாரணையில், விண்ணப்பதாரர் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது என்பது விதி. அதற்கு ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறார்கள். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும், புகார்தாரர் பிறழ் சாட்சியானதால், அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொன்னதால், விடுவிக்கப்பட்டவரும் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்கிறது அது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மூவர் அமர்வு 2008-இல் இந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. மாறாக, விசாரணை நேரத்தில் நிலுவையில் இருந்த வழக்கு பிற்பாடு கண்ணியமான விடுதலையில் (குற்றமே இல்லை என்ற முழு விடுதலையில்) முடிந்தாலோ, ‘உண்மைப் பிழை’, அதாவது புகாரே தவறான புரிதலில் எழுந்தது என்று காவல் துறையே கைவிட்டாலோ, அடுத்த தேர்வில் கலந்துகொண்டு வாய்ப்புக் கேட்கலாம்.

சாட்சிகள் மாற்றிச் சொன்னார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது எனக்குக் கவலை தருகிறது. ஆனால் வாய்வழிச் செய்தியை வைத்து முடிவுகட்ட வேண்டாம். வழக்கு நடந்த நீதிமன்றத்தில் நகல் மனு போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை நகல்களும் வேண்டும். தீர்ப்பின் கடைசிப் பத்திகளை நிறுத்திப் படியுங்கள். உங்கள் மீதான குற்றச்சாட்டுக்கு ஆதாரமே இல்லை என்று நீதிபதி எழுதியிருக்கிறாரா, சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருக்கிறாரா, சாட்சிகள் பிறழ்ந்ததைக் காரணம் காட்டியிருக்கிறாரா? உங்கள் பெயரைச் சொல்லித் தனியாக ஏதாவது எழுதியிருக்கிறாரா? அந்த நகலோடு, பணி நியமன வழக்குகளை நடத்தும் ஒரு உயர் நீதிமன்ற வழக்கறிஞரைப் பாருங்கள். கோவில்பட்டிக்கு மதுரைக் கிளைதான் பக்கம். சம்பவம் நடந்தபோது உங்கள் வயது என்ன என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். 18 நிறையாதிருந்தால் இளைஞர் நீதிச் சட்டப்படி நிலைமை வேறு.

ஊரில் யாராவது ‘அதையெல்லாம் விண்ணப்பத்தில் காட்டாதே’ என்று சொல்வார்கள். கேட்கவே கேட்காதீர்கள். விண்ணப்பத்திலும் விசாரணைப் படிவத்திலும் கேள்வி நேரடியாகவே இருக்கும். உங்கள் ஊர்க் காவல் நிலையத்திலிருந்து அறிக்கை போகும்; பழைய வழக்குகள் இன்று கணினியிலேயே கிடைக்கின்றன. மறைத்தது தெரிந்தால், மறைத்ததே தனிக் காரணமாகிவிடும். உச்ச நீதிமன்றம் 2016-இல் அவதார் சிங் வழக்கில் இதை விரிவாகப் பேசியது. தகவலை மறைத்தவரை, வேலையில் சேர்ந்த பின்னும் நீக்க முடியும். உண்மையைச் சொன்னவருடைய வழக்கையும் பரிசீலித்து முடிவெடுக்கும் உரிமை வேலை தருபவருக்கு உண்டு. ஆகவே சொல்லிவிட்டால் வேலை உறுதி என்று நான் சொல்லவில்லை. மறைத்தால் ஐந்து ஆண்டு கழித்தும் நிம்மதியாகத் தூங்க முடியாது என்றுதான் சொல்கிறேன்.

வழக்கறிஞர் ‘முயலலாம்’ என்றால் மேலே படியுங்கள்.

மாமாவின் யோசனைக்கு வருகிறேன். வயதுக் கணக்கில் உங்களுக்கு அவசரம் இல்லை. இரண்டாம் நிலைக் காவலருக்குப் பொதுப் பிரிவில் உச்ச வயது 26, பிற்படுத்தப்பட்டோருக்கு 28. நேரடி எஸ்.ஐ.க்குப் பொதுப் பிரிவில் 30, உங்களுக்கு 32. இரண்டையும் நடத்துவது தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம்தான். இரண்டிலும் தமிழ் தகுதித் தேர்வு உண்டு, இரண்டிலும் பொது அறிவும் உளவியலும் உண்டு. எஸ்.ஐ.க்குப் படிப்பவர் காவலர் தேர்வைத் தனியாகப் படிக்க வேண்டியதில்லை. இரண்டுக்கும் விண்ணப்பம் போடுங்கள், இரண்டையும் எழுதுங்கள். ஒரு தேர்வுக் கூடத்தின் அனுபவம் அடுத்ததற்கு உதவும்.

ஆனால் ‘உள்ளே போய் எஸ்.ஐ. ஆகிக்கொள்ளலாம்’ என்று மாமா சொல்வது அவ்வளவு லேசானதல்ல. வழி இருக்கிறது. எஸ்.ஐ. இடங்களில் 20 சதவீதம் துறைக்குள் இருப்பவர்களுக்கு, அதற்கு ஐந்து ஆண்டுப் பணி வேண்டும். அந்த ஐந்து ஆண்டுகள் எப்படிப் போகும் என்பதைத்தான் நீங்கள் கேட்டறிய வேண்டும். தேர்வான ஆண்கள் காவலர் பயிற்சிப் பள்ளியில் ஏழு மாதம் அடிப்படைப் பயிற்சி முடித்து, ஆயுதப்படைக்கோ, தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் ஒரு பட்டாலியனுக்கோ போவார்கள். காவல் நிலையத்துக்கு அல்ல. துறையில் ‘தாலுகா’ என்று சொல்லப்படும் காவல் நிலைய வேலை சில ஆண்டுகள் கழித்துத்தான் வரும். அதுவரை பாரா (காவல் நிற்பது), கைதி வழிக்காவல், பந்தோபஸ்து, கவாத்து (அணிவகுப்புப் பயிற்சி). செப்டம்பர் 11, இம்மானுவேல் சேகரன் நினைவு நாளுக்குப் பரமக்குடி, அக்டோபர் 30, தேவர் ஜெயந்திக்குப் பசும்பொன், கார்த்திகை தீபத்துக்குத் திருவண்ணாமலை. தேர்தல் வந்தால் வெளி மாநிலத்துக்கும் பட்டாலியன்கள் போகும். கல்யாண மண்டபத் தரையிலும் பள்ளிக்கூட வகுப்பறையிலும் படுத்து எழுந்து, கிடைத்த வாகனத்தில் ஏறிப் போகும் வாழ்க்கை அது. அங்கிருந்தபடியே படித்து எஸ்.ஐ. ஆனவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதைவிட அதிகம் பேர் புத்தகத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டியவர்கள்.

அதனால் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: எஸ்.ஐ. ஆகவே முடியாமல் போனாலும் காவலராக இருப்பேனா? பத்து ஆண்டில் முதல் நிலைக் காவலர், அதன்பின் ஏட்டு (தலைமைக் காவலர்), ஏறத்தாழ கால் நூற்றாண்டு கழித்துச் சிறப்பு எஸ்.ஐ. என்பதுதான் நெடுங்காலமாக இருந்துவந்த படி. இந்தப் பாதையை மனம் ஏற்றுக்கொண்டால் காவலர் வேலையில் தயங்காமல் சேருங்கள். நல்ல ஏட்டு ஒருவர் இருக்கும் நிலையத்தில் புகார் கொடுக்க வருபவர் முகம் தெளிந்து திரும்புவார், அந்த வேலையின் மதிப்பு குறைந்ததல்ல. மனம் ஏற்கவில்லை என்றால் எஸ்.ஐ. தேர்வையே குறிவைத்து 28 வயதுவரை முயலுங்கள். கோவை வேலையை விடாமல் படியுங்கள். வேலையை விட்டுவிட்டுப் பயிற்சி மையத்தில் இரண்டு மூன்று ஆண்டு உட்காருவதை நான் ஒப்பவில்லை. அறிவிப்பு எப்போது வரும் என்பது நம் கையில் இல்லை.

சம்பளத்தைப் பொறுத்தவரை, இரண்டாம் நிலைக் காவலருக்கு அடிப்படை 18,200 ரூபாயில் தொடங்குகிறது, எஸ்.ஐ.க்கு 36,900. அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் மேலே சேரும். இப்போது வாங்குவதைவிடக் காவலர் சம்பளமே கூடுதல்தான். ஆனால் மணிக்கணக்கு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு.

விடுப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் குடும்பங்கள் இங்கேதான் முறிகின்றன. காவலர் முதல் தலைமைக் காவலர் வரை வாரம் ஒரு நாள் ஓய்வு என்று 2021-இல் அரசு ஆணை வந்தது. நல்ல ஆணை. நடைமுறையில் அது நிலையத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அந்த வாரம் என்ன பந்தோபஸ்து என்பதைப் பொறுத்தே கிடைக்கிறது. தீபாவளி, பொங்கல், ஊர்க் கொடை என்று மற்றவர்கள் வீட்டுக்குப் போகும் நாளெல்லாம் காவலருக்கு வேலை நாள். சங்கம் வைத்துக் கேட்கவும் முடியாது. காவல் படையினர் சங்கம் அமைப்பதை 1966-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. மன அழுத்தம் உண்மையான பிரச்சினை என்பதைத் துறையே ஏற்றுக்கொண்டுதான், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து காவலர் நிறைவாழ்வுப் பயிற்சியைத் தொடங்கி, அதில் குடும்பத்தாரையும் உட்கார வைத்தது. உங்களுக்குப் பெண் பார்க்கும் பேச்சு வந்தால் இதையெல்லாம் பெண்ணிடமே நேராகச் சொல்லிவிடுங்கள். அரசு வேலை என்ற ஒரு சொல்லில் மூடி வைக்காதீர்கள்.

அடுத்து அம்மாவின் பயம். சத்தம் போடத் தெரியாதவன் போலீஸ் வேலைக்கு ஆகமாட்டான் என்பதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். நிலையத்துக்கு வருவது பெரும்பாலும் வரப்புத் தகராறு, கணவன் மனைவி சண்டை, குடித்துவிட்டு வந்த மகன், காணாமல் போன பெண், கடன் கொடுத்து ஏமாந்தவர். இவர்களிடம் பொறுமையாகக் கேட்டு, நடந்ததை நடந்தபடி தெளிவாக எழுதத் தெரிந்தவர்தான் வேண்டும். நிலையத்தின் எழுத்து வேலையைப் பார்க்கும் கெட்டியான ஸ்டேஷன் ரைட்டர் ஒருவர் இருந்தால் இன்ஸ்பெக்டர் பாதிக் கவலையை விட்டுவிடுவார். கணினி படித்த உங்களுக்கு இன்று கூடுதல் இடமும் உண்டு. ஒவ்வொரு மாவட்டத்திலும் சைபர் குற்றக் காவல் நிலையம் இருக்கிறது. ஆனால் அங்கேயே போடுவார்கள் என்று நம்பிச் சேர வேண்டாம்.

அம்மா பயப்பட வேண்டிய இடம் வேறு. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் நிலையத்தில் அடிபட்டு உயிரிழந்தார்கள். 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி அஜித்குமார் நகைத் திருட்டு விசாரணையில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் முதலில் கைதான ஐந்து பேரும் தலைமைக் காவலர், காவலர் நிலையில் இருந்தவர்கள். ‘மேலே இருந்து சொன்னார்கள்’ என்ற பதில் உங்களைச் சிறையிலிருந்து காப்பாற்றாது, அதைவிட முக்கியமாக, இறந்தவருடைய தாய்க்கு அது பதிலே ஆகாது. சாத்தான்குளத்தில் அதே நிலையத்தில் பணியிலிருந்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், அந்த இரவில் நடந்ததை நீதித்துறை நடுவரிடம் வாக்குமூலமாகச் சொன்னார். அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பது காக்கி போட்டவர்களுக்குத் தெரியும்.

ஆகவே, அதிகாரி லத்தியைக் கையில் கொடுத்து ‘அடி’ என்று சொல்லும்போது ‘மாட்டேன் ஐயா’ என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, அதற்காக வரும் மெமோவையும் இடமாற்றத்தையும் வாங்கிக்கொள்ள உங்களால் முடியுமா? உங்கள் சுபாவம் பற்றி நான் கேட்கும் கேள்வி இது ஒன்றே. சத்தம் போடாதவர்கள் இதில் பல நேரம் உறுதியாக நிற்பார்கள். யார் சொன்னாலும் மறுக்கத் தெரியாமல் தலையாட்டும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், இந்த வேலை உங்களையும் கெடுக்கும், உங்களிடம் மாட்டுபவரையும் கெடுக்கும். கோவை அலுவலகத்தில் மேலாளர் தவறான கணக்கு எழுதச் சொன்னபோது என்ன செய்தீர்கள், நண்பர்கள் கூட்டமாக ஒருவரைக் கேலி செய்தபோது எங்கே நின்றீர்கள் என்று யோசித்தால் விடை கிடைத்துவிடும்.

சீருடைதான் ஆசை, மனிதரைப் பிடித்து அடைக்கும் வேலையில் நாட்டமில்லை என்று தோன்றினால், அதே காவலர் தேர்வில் தீயணைப்பு வீரர் பணிக்கும் ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பத்தில் விருப்ப வரிசை கேட்பார்கள். அதை முதலில் போடுவதில் தாழ்வு எதுவும் இல்லை.

கடைசியாக உடம்பு. உங்கள் உயரத்தை எழுதவில்லை. உங்கள் பிரிவில் ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும், ஒரு செ.மீ. குறைந்தாலும் அங்கேயே முடிந்துவிடும். அதனால் வீட்டுச் சுவரில் அளக்காமல் மருத்துவமனையில் அளந்து பாருங்கள். மார்பு 81 செ.மீ., மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். அதே போக்கில் நிறக்குருடு, தட்டைப் பாதம், நிற்கும்போது முட்டிகள் ஒட்டுதல், காலில் நரம்புச் சுருட்டல் இருக்கிறதா என்று ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். காவலர் தேர்வில் 1,500 மீட்டரை ஏழு நிமிடத்தில் ஓட வேண்டும். உட்கார்ந்து வேலை பார்ப்பவர்கூட மூன்று மாதத்தில் அதற்குப் பழகிவிடலாம். கயிறு ஏறுவதுதான் தோளையும் பிடியையும் கேட்கும். குறைந்தது ஐந்து மீட்டர், முழு மதிப்பெண்ணுக்கு ஆறு. அதற்கு ஆறு மாதமாவது வேண்டும். தீர்ப்பு நகலுக்கு மனுப் போடும் வாரத்திலேயே இதையும் தொடங்கலாம். வழக்கறிஞரின் பதில் சாதகமாக இல்லாவிட்டாலும் ஓடிப் பழகிய உடம்பு வீணாகாது.