வளரும் குட்டிக்கு ஓட்டப் பயிற்சி வேண்டுமா?

கேள்வி: எங்கள் நான்கு மாத லாப்ரடார் நாய்க்குட்டியைத் தினமும் காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி என்னோடு ஓட வைக்கிறேன், மூன்றாம் மாடிக்குப் படியேறவும் விடுகிறேன். கால்கள் உறுதிப்பட இது உதவுமா?
– வாசகர், பெங்களூரு

பதில்: ஓட்டத்தை இப்போதே நிறுத்திவிடுங்கள். குட்டியின் கால் எலும்பு முனைகளில் மென்மையான குருத்தெலும்புத் தகடுகள் இருக்கின்றன. எலும்பு நீள்வது அங்கேதான். லாப்ரடார் போன்ற பெரிய இனங்களில் அவை முழுதும் கெட்டிப்பட 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகலாம் என்பதால், அதுவரை கடினமான தரையில் நெடுந்தூரம் ஒரே சீராக ஓடுவதும் உயரத்திலிருந்து குதிப்பதும் மூட்டுகளுக்குப் பாரமே. லிஃப்ட் இருந்தால் அதிலேயே அழைத்துச் செல்லுங்கள். இல்லையேல், இறங்கும்போதாவது மார்பையும் பின்புறத்தையும் தாங்கித் தூக்கிக்கொள்ளுங்கள். தசை வளர்வதற்கு, புல்தரையில் அது தன் விருப்பப்படி ஓடி, மோந்து பார்த்து, களைத்ததும் படுத்துவிடுகிற விளையாட்டே போதும். வீட்டில் ஒரு துண்டைச் சுருட்டிப் போட்டு, உணவுத் துணுக்கைக் காட்டி மெல்லத் தாண்டி நடக்க வைத்தால், பின்கால்களை நிதானமாக எடுத்துவைக்கப் பழகும். (வழுக்கும் தரையில் பாய் விரியுங்கள், நம் அடுக்ககங்களின் பளபளப்பு நாய்களுக்கு ஆகாது.) பெரிய இனக் குட்டிகளுக்கான உணவைக் கொடுத்துவந்தால் கால்சியம் மருந்து தனியாக வேண்டாம், மிகுதியான கால்சியம் எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும். நொண்டல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.