ஆண் ஈமு எட்டு வாரம் சாப்பிடாமல் அடைகாக்கும் என்பது உண்மையா? அந்த நாட்களில் பெண் பறவை அதற்கு இரை கொண்டுவந்து கொடுக்குமா?

முதல் கேள்விக்கு ஆம், உண்மைதான். இரண்டாவதற்கு இல்லை. முட்டையிட்டு முடித்ததும் பெண் ஈமு தன் வழியே போய்விடும். இரை கொடுப்பது இருக்கட்டும், குஞ்சு பொரித்த பிறகு அது அந்தப் பக்கம் வந்தால் ஆணே அதை விரட்டியடிக்கும்.

நான் மேற்கு ஆஸ்திரேலியாவில் வசிக்கிறேன். இங்கே வந்தது முதல் எனக்கு மிகவும் பிடித்துப்போன பறவை இது. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சாப்பிடாமல் எப்படி இருக்கிறது என்பதற்கான பதில், அடையில் உட்காருவதற்குப் பல மாதங்கள் முன்பே தொடங்குகிறது. இங்கே டிசம்பரும் ஜனவரியும் கோடைக்காலம். அப்போதுதான் ஈமுக்கள் ஜோடி சேரும். ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஐந்து மாதம் ஒன்றாகத் திரிந்து, விதை, பழம், இளந்தளிர், வெட்டுக்கிளி, புழு என்று கிடைத்ததையெல்லாம் தின்று உடம்பில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும். பகல் பொழுது குறையத் தொடங்கும்போது உடலின் சுரப்புகள் மாறுகின்றன. ஏப்ரல் முதல் ஜூன் வரை முட்டையிடும் காலம். ஆணின் ரத்தத்தில் புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறுகிறது. நம் தாய்மார்களுக்குப் பால் சுரக்கச் செய்வதும் இதே ஹார்மோன்தான். ஈமுவில் அது தகப்பனை முட்டைமேல் உட்காரவைக்கிறது. பசியும் அடங்கிவிடுகிறது. ஆகவே பசியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்கிறது என்று நினைக்க வேண்டாம், அதன் உடலே அந்த விரதத்துக்குத் தயாராகிவிடுகிறது.

கூடு என்று பெரிதாக ஒன்றுமில்லை. தரையில் ஆழமில்லாத ஒரு பள்ளம், அதில் கொஞ்சம் மரப்பட்டை, புல், சுள்ளி, சருகு. சுற்றிலும் பார்வை படும்படியான இடமாகத் தேர்ந்துகொள்ளும். பெண் சில நாட்களுக்கு ஒரு முட்டை என்று இட்டுவரும். ஒரு கூட்டில் ஐந்து முதல் பதினைந்து முட்டைகள்வரை சேரும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைக்கிலோ இருக்கும். இந்த முட்டையின் நிறத்தைப் படத்தில் பார்த்தால் போதாது. பழங்குடிக் கலைஞர் ஒருவர் செதுக்கிய முட்டை ஓட்டைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மேல்தோல் கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும் கரும்பச்சை, விரலுக்குச் சொரசொரவென்று இருக்கும். அதைச் சுரண்டினால் நீலம் கலந்த பச்சை, இன்னும் சுரண்டினால் வெண்மை. ஒரே ஓட்டில் இத்தனை அடுக்கு நிறம் இருப்பதால்தான் வண்ணமே தீட்டாமல் அதில் சித்திரம் வடிக்க முடிகிறது.

முட்டைகள் ஓரளவு சேர்ந்ததும் ஆண் உட்கார்ந்துவிடும். சுமார் 56 நாட்கள். இரை எடுக்காது, எச்சமிடாது, தண்ணீரைத் தேடியும் போகாது. கழுத்து எட்டும் தூரத்தில் விடியற்காலைப் பனித்துளி இருந்தால் நக்கிக்கொள்ளும், அவ்வளவே. ஒரு நாளைக்குப் பத்துத் தடவைபோல எழுந்து முட்டைகளைப் புரட்டிவைத்துவிட்டு மறுபடி படுத்துவிடும். மற்றபடி அசைவே இல்லாததால் ஆற்றல் செலவு மிகக் குறைவு. சேமித்த கொழுப்பு கரையும்போது அதிலிருந்தே சிறிது நீரும் உடலுக்குக் கிடைக்கிறது. மூக்கினுள் இருக்கும் மடிப்புகள், வெளியேறும் மூச்சிலுள்ள ஈரத்தில் ஒரு பகுதியை உள்ளேயே பிடித்துவைக்கின்றன. ஆபத்து நெருங்கினால் கழுத்தைத் தரையோடு தரையாக நீட்டிக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் அங்கே ஒரு பறவை இருப்பதே தெரியாது. இத்தனைக்குப் பிறகு அது எழும்போது பல கிலோ இளைத்திருக்கும்.

அதற்குள் பெண் என்ன செய்கிறது? பெரும்பாலும் வேறொரு ஆணைத் தேடிப் போகும், அதன் கூட்டிலும் முட்டையிடும். துணை தேடும்போது குரல் கொடுப்பதும் பெண்தான். அதன் மூச்சுக்குழாயில் ஒரு நீளவாட்டுப் பிளவு உண்டு. அதன் வழியாகக் கழுத்திலுள்ள பை காற்றால் உப்பி, அடிவயிற்றில் அதிரும் ஆழ்ந்த 'தும் தும்' ஒலி எழும். அமைதியான இரவில் இரண்டு கிலோமீட்டர் வரை கேட்கும். ஆணுக்கு வெறும் உறுமல்தான். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருப்பதால், நான் எது ஆண் எது பெண் என்று குரலை வைத்துத்தான் சொல்வேன்.

எனக்கு இந்தப் பறவையிடம் பெரும் மதிப்பு ஏற்படக் காரணம் இன்னொரு செய்தி. ஒரு கூட்டில் இருக்கும் முட்டைகள் எல்லாம் அடைகாக்கும் ஆணுக்குப் பிறந்தவை அல்ல. பெண் வேறு ஆணுடனும் சேர்ந்திருக்கலாம், வேறொரு பெண்ணே வந்து முட்டையிட்டுப் போயிருக்கலாம். மரபணுவைச் சோதித்துப் பார்த்ததில், பாதிக் குஞ்சுகள்வரை அந்தத் தகப்பனுடையதாக இல்லாமல் இருக்கலாம் என்று தெரிந்திருக்கிறது. அது எல்லாவற்றையும் ஒன்றாகவே காக்கிறது.

குஞ்சுகள் பொரிந்ததும் சில நாட்களிலேயே நடக்கத் தொடங்கிவிடும். அணில் முதுகுபோலக் கோடு போட்ட உடம்பு, மெல்லிய சீழ்க்கைக் குரல். இங்கே வடக்கே நிங்கலூ கடற்கரையோரம் எக்ஸ்மவுத் என்ற சிற்றூர் உண்டு. அங்கே ஈமுக்கள் தெருவிலேயே உலவும். தகப்பன் முதலில் சாலையைக் கடந்து நிற்கிறது, குஞ்சுகள் பின்னாலேயே ஓடுகின்றன, ஒன்று மட்டும் நடுச் சாலையில் எதையோ கொத்திக்கொண்டு நின்றுவிடுகிறது. தகப்பன் திரும்பி வந்து பக்கத்தில் நின்றுகொள்கிறது. கார்களும் காத்து நிற்கின்றன. குறைந்தது ஐந்தாறு மாதம், சில சமயம் ஒன்றரை ஆண்டுவரை இந்தக் காவல் தொடரும். டிங்கோ நாய் பாய்ந்தால் எம்பிக் குதித்துக் கீழ்நோக்கி உதைக்கும். மூன்று விரல் கொண்ட அந்தக் காலின் உதை லேசானதல்ல.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஈமுவின் இறகை எடுத்துப் பார்த்தால் ஒரே அடிக்காம்பிலிருந்து இரண்டு தண்டுகள் பிரிந்து, சம நீளத்தில் தொங்கும். நுனி கறுப்பு. வெயிலின் சூட்டை அந்தக் கறுப்பு நுனி வாங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கும் அடர்த்தி அதைத் தோல்வரை இறங்கவிடாது. மற்ற விலங்குகள் நிழலில் ஒண்டும் உச்சி வெயிலிலும் ஈமு மேய்வது இதனால்தான்.

அடர்ந்த மழைக்காடு போன்ற சில இடங்கள் தவிர்த்து ஆஸ்திரேலியப் பெருநிலத்தின் பெரும்பகுதியில் இவை வாழ்கின்றன. மழை பெய்த இடத்தைத் தேடி நெடுந்தூரம் நடக்கும். மேற்கில் அந்த நடைக்கு ஒரு பருவ ஒழுங்கும் உண்டு. 1932ஆம் ஆண்டு நவம்பரில் மேற்கு ஆஸ்திரேலியாவின் கேம்பியன் பகுதிக் கோதுமை வயல்களுக்குள் ஏறத்தாழ 20,000 ஈமுக்கள் வந்தபோது, அரசு இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளோடு படைவீரர்களை அனுப்பியது. பறவைகள் சிறு சிறு கூட்டமாகச் சிதறி ஓடின. ஆயிரத்துக்கும் குறைவாகவே கொன்றதாகக் கணக்குக் கொடுத்துவிட்டுப் படை திரும்பியது. இணையத்தில் இதை வேடிக்கைக் கதையாகச் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடன்பட்டு நொந்த விவசாயிகள் ஒரு பக்கம், காலங்காலமாக நடந்த தடத்தில் நடந்துவந்த பறவைகள் மறுபக்கம். பின்னாட்களில் வறட்சியின்போது தடுப்பு வேலியோரம் ஆயிரக்கணக்கில் தேங்கி நின்று செத்ததும் இதே நடையால்தான். 2012இல் கொங்குப் பகுதியில் ஈமு பண்ணைத் திட்டங்கள் சரிந்தபோது, பணம் போட்ட குடும்பங்கள் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். கம்பி வலைக்குள் தீவனமின்றிச் செத்த பறவைகளைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசவில்லை.

நேரில் பார்க்க விரும்பினால் ஆகஸ்ட், செப்டம்பரில் வாருங்கள், குஞ்சுகளோடு பார்க்கலாம். வண்டியை நிறுத்தி உள்ளேயே இருந்து பாருங்கள், தகப்பனுக்கும் குஞ்சுக்கும் நடுவே போய் நிற்காதீர்கள். ரொட்டித் துண்டு எதுவும் போட வேண்டாம். தீனிக்குப் பழகிய ஈமு சாலையோரத்திலேயே நிற்கும், பிறகு ஏதாவது ஒரு வண்டியில் அடிபடும்.