டீசல் பட்டறைக்காரர் மகன் மின்சார பஸ் படிக்கலாமா?

அண்ணே, பிளஸ் டூ முடித்த மகனை மின்சார வண்டிப் படிப்பில் சேர்க்கலாமா என்று மதுரையிலிருந்து கேட்டிருந்தீர்கள். தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் விளம்பரத்தைப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்களே, அந்த மூன்று மாத கோர்ஸுக்கு மட்டும் பணம் கட்டிவிடாதீர்கள்.

"பேட்டரி பஸ் நம்ம ஊருக்குத் தாங்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த ரூட் என்பதைப் பொறுத்தது. மாட்டுத்தாவணி, பெரியார், திருப்பரங்குன்றம் என்று ஊருக்குள் சுற்றும் டவுன் பஸ்ஸுக்கு மின்சாரம் நன்றாகவே பொருந்தும். தினம் எவ்வளவு தூரம், எப்போது டெப்போவுக்குத் திரும்பும் என்பது முன்பே தெரியும். ராத்திரி சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். நின்று நின்று போவதால் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி கொஞ்சம் கரண்ட்டைப் பேட்டரிக்குத் திருப்பிவிடும்.

200 கிலோமீட்டர் ஓடும் டீசல் பஸ், லிட்டருக்கு 5 கிலோமீட்டர் என்றால், 40 லிட்டர் குடிக்கும். 3,600 ரூபாய்க்கு மேல். மின்சார பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 1.2 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்று கூட்டியே வைத்தாலும் 2,400தான். ஆனால் வண்டி விலை இரண்டு மடங்குக்கும் மேல். தினமும் ஓடிக்கொண்டே இருந்தால்தான் அந்தப் பணம் திரும்பி வரும். சித்திரை வெயிலில் ஏசியும் பேட்டரியைக் குளிரவைக்கும் கருவியும் சேர்ந்து இழுக்கும்போது ஓடும் தூரம் குறையும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கொடைக்கானல் ரூட் வேறு கதை. வத்தலக்குண்டிலிருந்து மேலே போக சுமார் 1,800 மீட்டர் ஏற வேண்டும். 16 டன் வண்டியை அவ்வளவு உயரம் தூக்க, சாலையில் உருளுவதற்கான செலவு போக, ஏற்றத்துக்கு மட்டுமே 75 யூனிட்டுக்கு மேல் வேண்டும். மதுரையில் 250 யூனிட் பேட்டரியோடு புறப்பட்டால் மேலே போய்ச் சேரும்போது அடிமட்டத்துக்கு வந்துவிடும். சரி, மேலே சார்ஜ் போடலாம். ஆனால் முழுக்கப் போட்டுவிட்டு இறங்கக் கூடாது. பேட்டரியில் இடம் இல்லாவிட்டால் மோட்டார் தரும் கரண்ட் போக வழியிருக்காது. பாரம் முழுவதும் சாதா பிரேக் மேல் விழும். மலை இறக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இப்படி யோசிக்கத் தெரிந்த ஆட்கள்தான் இந்தத் தொழிலுக்கு வேண்டும்.

மகன் ஆசைப்படும் கேரவன், அதாவது உள்ளேயே தங்கிப் பயணம் போகிற வண்டி, அந்த விஷயத்துக்கு வருகிறேன். வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கும் வண்டியை முழுக்கப் பேட்டரியில் ஓட்டுவது இன்றைய விலையில் கட்டுப்படியாகாது. ஆனால் உள்ளே இருக்கிற ஏசி, பிரிட்ஜ், விளக்கு இவற்றை ஜெனரேட்டர் சத்தம் இல்லாமல் ஓட்டலாம். ஒரு டன் ஏசி ராத்திரி முழுக்க ஓட சுமார் 8 யூனிட் போதும். 10 யூனிட் லித்தியம் பேட்டரி தாங்கும், கூரை சோலார் பகலில் ஒரு பங்கை நிரப்பும். பஸ் பாடி கட்டும் கரூர் பக்கத்திலேயே இருக்கிறது. இந்த வயரிங்கைச் சுத்தமாகச் செய்யத் தெரிந்தவனுக்கு அங்கே வேலை இருக்கும் என்று நம்புகிறேன்.

அப்புறம் படிப்பு. என் யோசனை டிப்ளமோ இ.இ.இ. (மின்சாரம், மின்னணுப் பொறியியல்). பிளஸ் டூவில் கணக்கு, இயற்பியல், வேதியியல் படித்திருப்பதால் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மதுரையிலேயே அரசு பாலிடெக்னிக் இருக்கிறது, கட்டணம் குறைவு. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி என்றால் தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பின்னால் பி.இ. படிக்க விரும்பினால் அதிலும் நேரடியாக இரண்டாம் ஆண்டு. சீக்கிரம் கையில் தொழில் வேண்டும் என்றால் ஐ.டி.ஐ.யில் 'மெக்கானிக் எலக்ட்ரிக் வெஹிக்கிள்' என்றே இரண்டு வருட ட்ரேடு உண்டு.

மூன்று மாத கோர்ஸ் ஏன் வேண்டாம் என்றால், பஸ் பேட்டரி 600 வோல்ட்டுக்கு மேல். அந்த வோல்ட் ஓடும் ஆரஞ்சு நிற கேபிளைத் தொடுவதற்கு முன், பேட்டரி இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றி, கெபாசிட்டரில் தேங்கிய கரண்ட் வடிகிறவரை காத்திருந்து, மீட்டரில் வோல்ட் இறங்கிவிட்டது என்று உறுதி செய்ய வேண்டும். தகுந்த ரப்பர் கையுறை போட்டு, பழகியவர் பக்கத்தில் நின்று, நூறு தடவை செய்து பழக வேண்டிய வேலை இது. ஸ்கூட்டர் மோட்டாரை வைத்துப் பாடம் நடத்தும் இடத்தில் இது கிடைக்காது.

வேலை பற்றி ஒன்றை மறைக்க விரும்பவில்லை. 2025-26 தமிழக பட்ஜெட்டில் மதுரைக்கு 100 மின்சாரப் பேருந்துகள் அறிவித்தார்கள். சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி டெப்போவிலிருந்து 120 பஸ் ஓடத் தொடங்கியது. அங்கே டிரைவரும் பராமரிப்பும் ஒப்பந்தக் கம்பெனியின் பொறுப்பு, கண்டக்டர் மட்டும் போக்குவரத்துக் கழகம். அதனால் அரசு வேலை என்று மனதில் கோட்டை கட்ட வேண்டாம். சேரும்போது பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா, ஒப்பந்தம் எத்தனை வருஷம் என்று கேட்டுக்கொள்ளட்டும்.

உங்கள் பட்டறைக்கு உடனே பூட்டு விழாது. மொபசல் பஸ்ஸும் லாரியும் இன்னும் பல வருஷம் டீசலில்தான் ஓடும். மின்சார பஸ்ஸிலும் ஏர் பிரேக், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், டயர் எல்லாம் நீங்கள் பிரித்துப் போட்டதுதான். லீவில் அவனை அந்த வேலைகளில் உங்கள் பக்கத்தில் நிறுத்துங்கள். இப்போதைக்கு மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைத்து, நேரடி இரண்டாம் ஆண்டு விண்ணப்பம் எப்போது என்று பாலிடெக்னிக்கில் நேரிலேயே போய்க் கேட்டு வாருங்கள்.